பனிக்குழி நிறுத்தத்தில் ஏறுவோர்

கருத்துப் பதிவு. கல்லுமுனை நிறுத்தம்.
ஆண்டு 41, நாள் 203. காலை 8.10

ஆண்டு நாற்பத்தொன்று என்று கருத்துக் கேட்கும் இந்தப் பெட்டி தலைப்பில் போட்டுக்கொள்ளும். எனக்கு வருஷம் அப்படி நிற்காது. பூமியிலிருந்து வந்த கப்பலில் ஆளே இறங்காமல் உப்பும் ஊசிமருந்தும் மட்டும் இறங்கிய வருஷம் இது. வடக்குக் கூரையில் விண்கல் விழுந்து மூன்று தெருக்களை மூடியதற்கு அடுத்த வருஷம். கோமு மைனியின் தொட்டி முருங்கை முதல் தடவையாகக் காய்த்து, அந்த ஒரே காயைத் தெருவே பங்கு போட்டுச் சாம்பார் வைத்ததும் இந்த வருஷம்தான்.

என் பெயர் வெயிலுமுத்து. செவ்வாயில், நெடும்பள்ளம் நகரத்தில், லைட் ரயிலின் கடைசி நிறுத்தமான கல்லுமுனையில் இருக்கிறேன். சுரங்கம் வெட்ட வந்த முதல் கூட்டத்து ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசினால் பெட்டி அதை எழுத்துத் தமிழாகத் திருத்தி வைத்துக்கொள்ளுமாம். அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடி சொன்னால் அதை மட்டும் தொடாதாம்.

ரயிலை எப்படி நீட்டலாம், எப்படி மாற்றலாம் என்று ஊர் முழுக்க யோசனை கேட்கிறார்கள். என் யோசனை இது. பாதையைப் பனிக்குழி வரை நீட்டுங்கள். பாதிச் சுரங்கம் முன்பே வெட்டிக் கிடக்கிறது. தண்டவாளம் போதாது என்றால் சந்தையைச் சுற்றி ஓடும் சந்தை வளையத் தடத்தில் பாதியை அறுத்துக் கொண்டு வாருங்கள். அங்கே ஒரு நிறுத்தத்தில் குழந்தை தும்மினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவன் ‘நூறு’ என்பான். அவ்வளவு நெருக்கம்.

பனிக்குழியில் பனி வெட்டும் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். புழுதிப் புயலில் மலைச்சரிவு இறங்கி மேல் பாதையை மூடிவிட்டது. மீட்க வண்டியில் போன இருவரும் மணலுக்குள் போனார்கள். இனி மேலே வண்டி விட மாட்டோம் என்று நகர சபை சொல்லிவிட்டது. கீழே வழி உண்டு. சுரங்கம் குடையும் இயந்திரம் ஊருக்கே ஒன்றுதான், அது எங்கே போக வேண்டும் என்று சொல்வது பெட்டி. முன்பு சபைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தங்கள் வாசலுக்கு ரயிலை வளைத்தார்கள். அதனால்தான் அந்தப் பொறுப்பைப் பெட்டியிடம் கொடுத்தோம். நானும் கை தூக்கினேன்.

புதிய நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று பெட்டி கேட்டது. ஆளைக் கண்முன் நிறுத்தி அளந்து சொன்னேன். லாபம், இரண்டு, மூன்று என்று பத்து வரை.

‘பதிவு செய்யப்பட்டது. நன்றி’ என்றது.


நாள் 206. மாலை 5.40

பனிக்குழியோடு ரேடியோ பேசியது. பனி இருப்பதால் அவர்களுக்குத் தண்ணீரும் மூச்சுக்காற்றும் உண்டு. சோறு கொஞ்சம். சூடு அதைவிடக் கொஞ்சம்.

என் மகள் செல்லக்கனி அங்கேதான் இருக்கிறாள். அவள் சொன்னது: “எல்லாரும் ஒரே ரூம்ல படுக்கோம்பா. இசக்கியம்மா அக்கா விடுத கொறட்டைக்கு மலை இன்னொரு தடவ சரியும் போலுக்கு. நீங்க பெட்டிகிட்ட மரியாதையாப் பேசுனியளா, இல்ல அதையும் ஏலேன்னு கூப்பிட்டியளா?”

மரியாதையாகத்தான் பேசினேன் என்றேன்.

பிறகு மெக்கானிக் பேச வந்தான். அவளைக் கட்டிக்கொண்டவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொண்டவன். இரைச்சலாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இரைச்சல் ஒன்றும் இல்லை.


நாள் 210. காலை 9.00

முடிவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். குடையும் இயந்திரம் சந்தை வளையத்துக்கு இரண்டாம் தடம் போடப் போகிறது. எங்களுக்குச் சொன்னது: ‘பனிக்குழி நீட்டிப்பு. எதிர்பார்க்கும் பயணிகள் ஒன்பது. குறைந்தது பத்து தேவை. ஏற்கப்படவில்லை.’

பத்து சொன்னேனே என்று பெட்டியிடம் கேட்டேன். கோமு மைனி டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து திரையில் இருந்ததை வாசித்தாள். அவள் என் செத்துப்போன அண்ணன் பெண்சாதி. எழுத்து தெரிந்தவள்.

பெட்டியின் பதில்: ‘இரண்டு முதல் பத்து வரை, ஒன்பது பயணிகள். லாபம் என்ற சொல் பொருளாதாரப் பயன் என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டது.’

எங்கள் ஆட்கள் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டோம். நெல் அளந்தாலும் மண் அளந்தாலும் முதல் மரக்காலை லாபம் என்றுதான் போடுவோம். சுரங்கத்தில் வெட்டிய மண்ணையும் அப்படித்தான் அளந்தோம். அதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும். மைனிக்கும் உடனே புரிந்துவிட்டது. அவள் கையோடு வந்துவிட்ட டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அளந்தது செல்லக்கனியை.

இப்போது திருத்து என்றேன். இந்தச் சுற்று முடிந்தது, சந்தை வேலை முடிந்ததும் அடுத்த சுற்றில் திருத்தலாம் என்றது. சபைக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளாலும் முடியாது என்றாள். பெட்டி சொல்லுக்கு மேல் சபை கை வைத்தால் பழைய கதை திரும்பிவிடும் என்றாள். அவள் சொன்னதில் பிசகு இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.


நாள் 221. காலை 7.30

இசக்கியம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே. நேற்று சாமிதாசும் அவன் தம்பியும். தம்பிக்கு முடியாமல் போனதும் அண்ணன் தன் போர்வையையும் அவன்மேல் போட்டானாம்.

மகளிடம் பெட்டிக் கணக்கில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் ரேடியோவை எடுத்தேன். அவள் விடவில்லை.

அவள் சொன்னது: “மொதல்ல என்னயத்தான் சொன்னியளா? அப்ப ஒங்க கணக்குல நான் லாபமா?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. பின்னால் மெக்கானிக் அவள் முதுகைத் தடவிக் கொடுப்பது கேட்டது. மெதுவா, மெதுவா என்கிறான்.

இருமல் அடங்கியதும் சொன்னாள்: “நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலப்பா. அதுக்குத்தான் வெளங்கல.”


நாள் 236. காலை 8.05

அடுத்த சுற்று திறந்த அன்றே வந்துவிட்டேன். பனிக்குழியில் இப்போது ஐந்து பேர். பத்துக்கு எங்கே போவது?

கோமு மைனிதான் பெட்டியிடம் கேட்டாள், இங்கிருந்து அங்கே போகிறவர்களும் கணக்கில் சேர்வார்களா என்று. வாரம் ஒரு தடவையாவது போய்த் திரும்புகிறவர் அந்த நிறுத்தத்தில் ஏறுபவர்தான் என்றது. போன தடவை ஏன் சொல்லவில்லை என்றாள். போன தடவை யாரும் கேட்கவில்லை என்றது.

அவள் ஊருக்குள் போய்க் கூப்பிட்டாள். தறி ஓட்டுகிறவர்கள், காளான் வளர்க்கிறவர்கள், நடக்க முடியாத கிழவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள். அவரவர் பதிவு அவரவர் பெயரில் இருக்கிறது. மைனி சொன்னதை மட்டும் இங்கேயும் வைக்கிறேன்.

“எம் பேரு கோமதி. எனக்குப் பனிக்குழியில சொந்தம்னு யாரும் கெடையாது. ரயில் விட்டா வாராவாரம் போவேன்.”

பெட்டி பயண நோக்கம் கேட்டது.

“பனி பாக்க. டிக்கெட்டு எடுத்துட்டுத்தான போறேன், ஒனக்கு என்ன? எழுதிக்கோ. அப்புறம் எங்க கொழுந்தனார் வாயத் தொறந்தா ஒருக்கா என்னையக் கேட்டுட்டு எழுது.”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தண்டவாளத்துக்கும் வழி சொன்னோம். கல்லுமுனைக்கு வரும் இரட்டைத் தடத்தில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு எங்களுக்கு ரயில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றுதான். எல்லாரும் சரி என்றார்கள்.


நாள் 240. காலை 9.00

ஏற்கப்பட்டது.

பிற்பகலிலேயே இயந்திரம் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. தரை அதிர்ந்து மைனியின் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ரேடியோவில் செல்லக்கனியிடம் சொன்னேன். குரல் சின்னதாக இருந்தது.

“நெசமாவாப்பா. கேக்குதான்னு செவுத்துல காத வச்சுப் பாக்கச் சொல்லுதேன்.”

மெக்கானிக் காது வைத்துப் பார்த்தான். இன்னும் கேட்கவில்லையாம். பழைய சுரங்கம் இருக்கும்வரை ஓடி வரும், கல் வந்ததும் மெதுவாகும் என்று அவனிடமே சொன்னேன். அவனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. சரி மாமா என்றான்.


நாள் 247. நண்பகல் 12.20

கல் கடினமாக இருக்கிறது. பல்லை மாற்ற இயந்திரத்தை நிறுத்தினார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தள்ளி நில்லுங்கள் பெரியவரே என்றார்கள். தள்ளி நின்றேன்.

அங்கே இருவர்தான் மீதி.


நாள் 251

நேரம் பெட்டி போடட்டும்.

காலையில் மெக்கானிக் கூப்பிட்டார். எப்போதும் அவள்தான் முதலில் பேசுவாள். அவர் குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அவர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

“மாமா. விடியக்காலம். கையப் புடிச்சிட்டுத்தான் இருந்தேன். நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன் மாமா.”

சோறு தின்றீரா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

“அவ பங்க எனக்குத்தான் வச்சிருந்தா. ஒளிச்சு வச்சிருந்தா. இப்பத்தான் பாத்தேன்.”

தின்னும் என்றேன். அதைத் தின்னும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது.

பிறகு சொன்னார்: “நான் ஒருத்தந்தான் மாமா. ஒருத்தனுக்காகவா தோண்டுதாங்க. பெட்டி நிறுத்திப்பிடாதா?”

நிறுத்தாது என்றேன். கோமு மைனி பனி பார்க்க வருகிறாள் என்றேன். அதற்கு அவர் அழுதார்.


நாள் 252. காலை 6.50

ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு ரேடியோவில் பேச்சை எடுத்தால் செல்லக்கனி என்றுதான் கூப்பிட வருகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் பிறந்தது கல்லுமுனைச் சுரங்கம் திறந்த வருஷம். முதல் ரயிலில் கைக்குழந்தையாக வந்தாள். மடியில் வைத்திருந்தேன், சட்டையை

இதெல்லாம் ரயில் யோசனை இல்லை. அழிக்காதே.


நாள் 254. காலை 8.15

இன்று அங்கிருந்து பேச்சு வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து மைக்கை விரலால் தட்டும் சத்தம் வந்தது. கேட்கிறதா என்றேன். தட்டினார். இயந்திரச் சத்தம் கேட்கிறதா என்றேன். தட்டவில்லை. பிறகு தட்டினார். கேட்டுத்தான் தட்டினாரா, எனக்காகத் தட்டினாரா, தெரியவில்லை. பேச வேண்டாம், தட்டிக்கொண்டு மட்டும் இரும் என்றேன்.

இயந்திரம் ஓடுகிறது. தண்டவாளம் அதன் பின்னாலேயே போகிறது. மைனி டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். ஆறிக்கொண்டிருக்கிறது.

பெட்டி இப்போது கேட்கிறது. முதல் ரயிலுக்குப் பயணிகள் பட்டியல் வேண்டுமாம். கல்லுமுனையில் ஏறுவோர் பெயர்களைக் கோமு மைனி சொல்லிவிட்டாள். பனிக்குழியில் ஏறுவோர் பெயர் சொல்லவும் என்கிறது.

கொஞ்சம் பொறு.

மறுபடியும் கேட்கிறது.

தொம்மை. என் மருமகன் தொம்மை.