பிள்ளையாருக்குப் பின்னால் உன் குரல்

உன் போனைச் சார்ஜில் போட எடுத்தேன். உறையின் ஓரத்தில் இன்னும் தைல வாசனை அடிக்கிறது. தலைவலி என்று நெற்றியில் தடவிய அதே கையோடுதான் நீ எல்லாவற்றையும் எடுப்பாய், கரண்டியானாலும் சரி, போனானாலும் சரி. இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன். நேற்று இந்த வீட்டில் நடந்த கூத்தை நீ இருந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். இப்போதும் உன்னிடம்தான் சொல்ல வருகிறது.

நேற்று உனக்கு வருஷத் திதி. உன் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் டிவியில் போட்டுக் காட்டலாம் என்று, நீ போனில் எடுத்து வைத்த சின்னச் சின்ன வீடியோக்களை ஒன்றாக இணைத்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்கிப் பொத்தானை அழுத்தினால் போதும், அதுவே ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒட்டியதைப் போட்டுப் பார்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்த வீடியோக்களில் உன் குரல் மட்டும்தானே இருக்கிறது. ஒன்றிலாவது நீ முகம் காட்டியிருக்கிறாயா? "கொடு, உன்னை எடுக்கிறேன்" என்று எத்தனை முறை போனைப் பிடுங்கியிருப்பேன். "என் மூஞ்சிய நான் கண்ணாடில பாக்கது காணாதாக்கும்" என்று திரும்பிக்கொள்வாய். ஆனால் வாய் மட்டும் ஓயாது. சங்கராந்திக்கு மொட்டை மாடியில் நான் பட்டம் விட்டதை எடுத்தாயே, அதில் நான் பாட்டுக்கு நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் உன் வர்ணனை. "இவுக பட்டம் விடுதாகளாம். மாஞ்சா கைய அறுத்துட்டு, ரத்தமா வருது, ஒத்துக்கிட மாட்டாக." மல்காஜ்கிரியில் நம் தெரு மாடிகள் மொத்தமும் கேட்டிருக்கும். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத்துக்கு வந்தது. என் பேச்சைக் கேட்டு, "உங்க தமிழ்ல பாதி ரயில் ஏறிப் போயிட்டு" என்று சிரித்தவள், நாளடைவில் தள்ளுவண்டிக்காரரிடம் "கைக்கு பையா, இத்தனா ரேட்" என்று, ஏன் இவ்வளவு விலை என்று, இந்த ஊர் இந்தியில் என்னைவிட நன்றாகவே சண்டை போட்டாய். அதுவும் ஒரு வீடியோவில் இருக்கிறது. கத்தரிக்காய் தெரியும், அவர் கை தெரியும், நீ தெரியமாட்டாய்.

டிவியில் ஓடவிட்டேன். முதலில் பிள்ளையார், பிறகு பட்டம், கத்தரிக்காய், அல்வால் பகுதியில் உன் சிநேகிதி வீட்டுக் கொலு. சத்தமே இல்லை. ரிமோட்டில் ஒலியை ஏற்றினேன், ஏற்றிக்கொண்டே இருந்தேன். திரையில் நாங்கள் எல்லாரும் போனைப் பார்த்துச் சிரிக்கிறோம், பதில் சொல்கிறோம், கை காட்டுகிறோம். யாரிடம் என்று தெரியவில்லை.

உன் தம்பி மெதுவாகச் சொன்னான். "எல்லாரும் இருக்கோம், அத்தான். அக்காளத்தான் காணோம்."

போனில் இருந்ததும் போய்விட்டதோ, எதையாவது அழுத்தி அழித்துவிட்டேனோ என்று கம்ப்யூட்டரிடம் ஓடினேன். நம் பெண் என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே வரவிடவில்லை. "நக்கோ அப்பா, மீரு டச் பண்ணாதீங்க" என்று தனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் விரட்டிவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, ஃபர்ஸ்ட்ல என்ன போட்டீங்க?"

"பிள்ளையார். நம்ம பூஜை ரூம் படம்."

"அது ஃபோட்டோ கதா? சவுண்டே லேது."

முதல் துண்டு எப்படியோ அதை வைத்துத்தான் மற்றதையும் அந்த மென்பொருள் ஒட்டுமாம். முதலில் வந்ததற்கு ஒலி இல்லாததால், பின்னால் வந்த அத்தனையின் ஒலியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. புது கேஸ் சிலிண்டருக்குக்கூடக் குங்குமம் வைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தானே அடுப்பைப் பற்றவைப்பாய்? அந்தப் பழக்கத்தில் நானும் அவரை முன்னால் வைத்தேன். அவர் உன் வாயை அடைத்துவிட்டார்.

படத்தைத் தூக்கிவிடலாம் என்றாள் பெண். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் தம்பியும், "பிள்ளையார எடுக்காண்டாம்மா, வேற வழி பாரு" என்றான். அவள் சலித்துக்கொண்டே எதையோ தேடி, அந்தப் படத்துக்கு வெறும் நிசப்தத்தை ஒலியாகச் சேர்த்தாள். ஒலியே இல்லாதது வேறு, ஒலிக்கு இடம் வைத்துக் காலியாக விட்டிருப்பது வேறாம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். இல்லை என்றாள்.

மறுபடி ஓடவிட்டோம். பிள்ளையார் பேசாமல் வந்து போனார். இந்த முறை அடுத்ததாக அடுப்படி வீடியோவை வைத்திருந்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை திருப்புகிறேன்.

"ஏங்க."

திரையில் நான் திரும்பவில்லை.

"ஏங்க, ஒங்களத்தான்."

"தோ வரேன்" என்றபடி நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். நிஜமாகவே எழுந்துவிட்டேனடி. இரண்டு எட்டு அடுப்படியை நோக்கி வைத்தும்விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. உன் தம்பி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

நீ கூப்பிட்டால் எழுந்துவிடுகிற கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எழுந்த பிறகு எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரியவில்லை.