பாத்திரத்தோடு கழுவிய கத்தி

ஹெல்கா அக்கா,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. உன் துப்பாக்கியை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் போட்டு, அலமாரியில் பூட்டிவிட்டேன். அதைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவில்லை. உன் கத்தியை மட்டும்தான் போட்டேன். மரப்பிடி விரிசல் விட்டதற்கு நீ மூன்று நாளாகப் பேசாமல் இருப்பது நியாயம்தான்.

நாளை மூஸ் மான் வேட்டைக்கு என் கத்தியை எடுத்துக்கொள், தீட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பத்து வயதில் நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. "பிடி ரொம்பப் பெரிசுக்கா" என்று கடையிலேயே அழுதேன். "கத்தி வளராதுடா, கை வளரும்" என்றாய். ஒவ்வொரு பிறந்தநாளிலும் பிடித்துப் பார்ப்பேன். பதினாறில் கச்சிதமாகப் பொருந்தியது. உன்னிடம் சொல்லவில்லை.

ஓலு நகரத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விடுதிக்குப் போனதும் கூப்பிடுவேன், போனை எடு.

ஐமோ

பி.கு.: பிடி உனக்குப் பெரிசாகத்தான் இருக்கும். அழாதே, கை வளரும்.