திரை போட்ட பகல்கள்

பிப்ரவரி 3
மருமகள் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, பேத்திக்குப் பால் கொடுத்து, அணைத்தபடியே தூங்கிவிட்டாள். வழக்கம்போல் கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டேன். அழைப்பு மணியையும் அணைத்தாயிற்று. அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து இந்த வீட்டில் பகலே கிடையாது. "வௌவால் வந்து வாடகைக்கு வீடு கேக்கப்போகுது மாமா" என்பாள்.

பிப்ரவரி 9
மதியம் பேத்திக்கு வலிப்பு. காய்ச்சல்கூட இல்லை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, கண் மேலே செருகியது. எவ்வளவு கூப்பிட்டும் குழந்தைக்கு நினைவே இல்லை. ஆஸ்பத்திரியில் வலிப்பு மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். "காலம் பூரா இருக்குமா டாக்டர்?" என்று மகன் கேட்டான். "ரத்தப் பரிசோதனை வரட்டும்" என்றார் டாக்டரம்மா. இது ஒரு பதிலா?

பிப்ரவரி 10
மறுபடியும். மருந்து உள்ளே போயும் மறுபடியும்.

பிப்ரவரி 11
ரத்தத்தில் கால்சியம் மிகக் குறைவு. விட்டமின் டி இல்லாததால் வந்த குறைவு.

"குழந்தைக்கு வெயிலே படுறதில்லையா?"

"நான் பகல்ல தூங்குவேன் டாக்டர். அவளும் என்கூடத்தான்."

"விட்டமின் டி சொட்டு மருந்து?"

"பொறந்தப்போ குடுத்தது தீந்துபோச்சு. தாய்ப்பால் குடிக்கிறாளே, போதும்னு..."

"தாய்ப்பால்ல இது மட்டும் பத்தாதும்மா. உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

எனக்கு விளங்கிய விதம் இது: கால்சியம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் என்றால், விட்டமின் டி வாசற்கதவைத் திறக்கும் காவலாளி. அவன் வராவிட்டால் பிள்ளைகள் தெருவிலேயே நிற்கும். உள்ளே ஆளில்லாமல் மணி மட்டும் தாறுமாறாக அடிக்கும். அந்த மணிதான் வலிப்பு.

கால்சியத்தை ட்ரிப்ஸில் ஏற்றுகிறார்கள். மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து.

பிப்ரவரி 12
இன்று வலிப்பு வரவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

வராந்தாவில் மருமகள் அழுதாள். "என் பால்லதான் கொறையா மாமா? வேலைய விட்டுடட்டுமா?" "திரைய இழுத்தது யாரும்மா? நான்தானே? திட்டுறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு" என்றேன். அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரித்தாள்.

பிப்ரவரி 19
வீட்டுக்கு வந்துவிட்டோம். பேத்தி கொட்டாவி விட்டாலும் நெஞ்சு பக்கென்கிறது. தும்மினாலும்தான். மருமகள் பகலில் தூங்குவதே இல்லை. கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில், "மாமா, அவ நல்லா இருக்காளா?" இப்படியே போனால் இரவு வேலையில் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிடுவாளோ?

பிப்ரவரி 26
காலை வெயிலில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடியில் நடக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா விடவில்லை. "நல்லது சார். ஆனா வெயில நம்பி சொட்டு மருந்த நிறுத்திடாதீங்க." தலையாட்டினேன், பாடம் ஒப்பிக்காத மாணவன்போல.

மார்ச் 21
கால்சியம் சரியாகிவிட்டது. இது நாள்பட்ட வலிப்பு நோய் இல்லையாம். வலிப்பு மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தப் போகிறார்கள். நிம்மதி வரவேண்டும். ஏன் வரமாட்டேன் என்கிறது? மருந்து நின்ற பிறகு வந்துவிட்டால்?

ஏப்ரல் 24
வலிப்பு மருந்து நின்றுவிட்டது. இப்போது மருமகளின் அறையில் மட்டும்தான் திரை. பகலில் பேத்தி என்னோடு கூடத்தில். மதியம் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள், திரும்ப வாங்கிவிட்டேன். அவள் உடம்பு விறைத்தது, இரண்டு கை முஷ்டிகளும் நடுங்கின, முகம் சிவந்தது. ஐயோ என்று எழுந்தேவிட்டேன். அவள் என்னை நேராக முறைத்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்.

கோபம். வெறும் கோபம்.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கத்தலுக்கும் மருமகள் எழவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன், குறட்டை.