தாளாளர் அம்மாவின் பெட்டி

மயிலாப்பூர், சென்னை - 4
18.8.1996

என் தங்கச்சி பெற்ற தங்கம் நஸ்ருன்னிசாவுக்கு, மாமா ஷரஃபுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நானும் உன் மாமி ஜமீலாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை பீர் முஹம்மதுவும் குட்டி தூபாவும் சுகம்தானே?

போன கடிதத்தில் 'இங்கே எல்லாம் கிடைக்கிறது மாமா' என்று எழுதியிருந்தாய். யாரிடம் சொல்கிறாய்? லஸ் முனையில் இருபத்தாறு வருஷமாகப் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடமா? ஆறாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தினாலும், எந்த நாட்டில் என்ன நிலவரம் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். லண்டன் பெட்டி துருப்பிடித்து வரும். அங்கே ஓயாத மழை. சிங்கப்பூர் பெட்டி சக்கரம் தேய்ந்து வரும்; அங்கே ஓயாத நடை. மஸ்கட் பெட்டிதான் ஜிப் வெடித்து வரும். ஏன் தெரியுமா? அங்கே இருப்பவர்கள் என்றைக்கு ஊருக்குப் போவோம் என்று நினைத்து நினைத்தே எதையாவது வாங்கித் திணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இப்போது என்ன இல்லை? டிவியில் நாற்பது சானல். தெருவுக்கு மூன்று எஸ்.டி.டி. பூத். அடையாறில் ஒரு ஐஸ்கிரீம் கடை திறந்திருக்கிறார்கள், உள்ளே போனால் உன் மஸ்கட் ஏசி தோற்றுவிடும். குழாயில் தண்ணீர் சும்மா கொட்டுகிறது. (உன் மாமி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "ஏங்க, லாரி பின்னாடி கொடத்த தூக்கினு ஓடறது யாரு?" என்கிறாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை.)

முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜூனில் தூபாவை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறதே, ஜட்ஜு வீட்டுப் பிள்ளைகளெல்லாம் படிப்பது, அதன் தாளாளர் அம்மாவின் பெட்டிக்குக் கைப்பிடி மாற்றியது உன் மாமாதான். "பாய், உங்களுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள்" என்று அந்த அம்மாவே சொன்னார்கள். வாயைத் திறந்தால் சீட். நீங்கள் வந்துவிடுங்கள்.

உன் மாமா,
ஷரஃபுதீன்


ரூவி, மஸ்கட்
9.9.1996

பாசமுள்ள மாமாவுக்கு, நஸ்ரு எழுதுவது. வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தோம். தூபாவுக்கு நீங்கள் 'பெட்டித் தாத்தா' ஆகிவிட்டீர்கள்.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. சாதாரணக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் ஹீட்டரை அணைத்து வைத்து, அதற்குள் ஆறிக் கிடக்கிற தண்ணீரில்தான் குளிக்கிறோம். வெந்நீர் போடுகிற பெட்டியில் தண்ணீரைக் குளிர வைக்கிற ஊர், மாமா. மார்ச்சில் சாத்திய ஜன்னலை நவம்பரில்தான் திறப்போம். தூபாவுக்கு எங்கள் இருவரையும், எதிர் ஃபிளாட் நீரஜா அக்காவையும் விட்டால் வேறு மனிதர் தெரியாது. நேற்று, "சென்னையில் ஜன்னல் தொறக்குமாம்மா?" என்று கேட்டாள்.

குறை சொல்லவில்லை. ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, கரண்ட் போனதே இல்லை. ஆனாலும் தூபா அப்பா, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாம் என்கிறார். மாமா, குழாய்த் தண்ணீரை எப்படி வேண்டுமானாலும் கொட்ட விடுங்கள். சீட் விஷயத்தை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அதை நம்பித்தான் முடிவெடுக்கப் போகிறோம்.

உங்கள்
நஸ்ரு


மயிலாப்பூர்
6.10.1996

கண்மணி நஸ்ருவுக்கு,

ஊர்ப் பேரையே மாற்றிவிட்டார்கள், பார்த்தாயா? இனி இங்கிலீஷிலும் மெட்ராஸ் கிடையாது, சென்னைதான். இதை நான் கடையில் உட்கார்ந்து ஏழு வருஷம் முன்னாலேயே சொன்னேன். யாரோ போய் மேலே சொல்லியிருக்கிறார்கள்.

சீட்டைப் பற்றிச் சந்தேகம் வேறா? போன செவ்வாய்க்கிழமை நேரிலேயே போனேன். தாளாளர் அம்மா எழுந்து நின்று உட்காரச் சொன்னார்கள். காப்பி வந்தது, முந்திரி பிஸ்கட்டோடு. டைரியை எடுத்துப் பச்சை மையில் 'தூபா' என்று எழுதி அடியில் கோடு போட்டார்கள். இரண்டு கோடு. இனி அந்தப் பேரை யாராலும் அழிக்க முடியாது.

பக்கத்துப் பூக்கடை சுலோச்சனாவிடம் இதைச் சொன்னால், "பாய், ஊரு பொட்டிக்கெல்லாம் பூட்டு போடறியே, உன் வாய்க்கு ஒண்ணு போடக்கூடாதா?" என்கிறாள். பொறாமை. நீ மாப்பிள்ளையிடம் தைரியமாகச் சொல்.

ஷரஃபுதீன்


ரூவி
24.10.1996

மாமாவுக்கு,

இரண்டு கோடு என்று படித்ததும் தூபா அப்பா சிரித்துவிட்டார். ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்தார். எல்லாம் முடிவாகிவிட்டது. ஃபிரிட்ஜையும் கட்டிலையும் விற்கிறோம். டிசம்பர் 27 டிக்கெட். தாளாளர் அம்மாவிடம் ஒரு வரி எழுதி வாங்கி அனுப்ப முடியுமா, மாமா? தூபா அப்பா கையில் வைத்துக்கொள்ளக் கேட்கிறார்.

நஸ்ரு


மயிலாப்பூர்
8.11.1996

நஸ்ருவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முதல் தடவையாகப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்த டிரைவர் வாசலில் நின்றிருந்தான். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"இன்னா பாய், அம்மா ஏப்ரல்லயே பொண்ணு வூட்டுக்கு அமெரிக்கா போயிட்டாங்க. நீ கைப்பிடி மாத்துன பொட்டிய எடுத்துக்கினுதான் போனாங்க. இன்னும் அங்கதான் கீறாங்க" என்றான்.

அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. காப்பியும் இல்லை, டைரியும் இல்லை. கேள் என்று யாரும் சொல்லவில்லை.

நீங்கள் வந்துவிட வேண்டும் என்ற ஆசையில் எழுதினேன். நான் சொல்வதை யாரும் நம்பி எதையும் செய்ததில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். மாப்பிள்ளை வேலையைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா? உடனே கேட்கச் சொல்.

மாமி என்னோடு பேசவில்லை.

ஷரஃபுதீன்


ரூவி
25.11.1996

என் மாமாவுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன்.

தூபா அப்பா வேலையைத் திரும்பக் கேட்க முடியாது. அவர் அதை விடவில்லை, மாமா. அவர் இருந்த பிரிவையே கம்பெனி ஜூலையில் மூடிவிட்டது. விசா இந்த வருஷக் கடைசி வரைதான். சீட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாங்கள் வந்துதான் ஆக வேண்டும். கதை கட்டுவது நம் வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தீர்களா?

எப்படிச் சொல்வேன்? லஸ் முனை பூராவும் என்னை மஸ்கட் ராணி ஆக்கி வைத்திருக்கிறீர்கள். வேலை போய் வருகிறோம் என்று இல்லாமல், பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சீட் கிடைத்து வருகிறோம் என்று வந்தால், அவர் தலை நிமிர்ந்து விமானத்தை விட்டு இறங்குவார் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். அப்புறம், "முந்திரி பிஸ்கட் கூடவா இல்லை?" என்று கேட்டார்.

உங்களோடு பேசச் சொல்லி நான் சொன்னதாக மாமியிடம் சொல்லுங்கள். பழைய மாதிரி ஒரு கடிதம் போடுங்கள். தூபா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள்
நஸ்ரு


சென்னை - 4
10.12.1996

மஸ்கட் ராணி நஸ்ருன்னிசா பேகம் அவர்களுக்கு, லஸ் முனைச் சக்கரவர்த்தி ஷரஃபுதீன் எழுதுவது.

மாமி பேசிவிட்டாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்குப் பேசிவிட்டாள்.

நேற்று அந்தப் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே போய் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு ஜட்ஜு, பின்னால் மூன்று டாக்டர். என் வயசைப் பார்த்து எல்லாரும் பதறி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். (சுலோச்சனா படித்துவிட்டு, "நாற்காலியா? மதியானம் பூ குடுக்க அந்தப் பக்கம் போனப்போ நான் பாத்தேனே, செங்கல் மேல குந்திக்கினு இருந்த" என்கிறாள். சரி, செங்கல்.) நூற்றுப் பதினெட்டாவது ஆளாகப் பாரம் வாங்கினேன். இது நிஜம், பாரம் பீரோவில் இருக்கிறது. ஜனவரி 20 அன்று பிள்ளையை அழைத்துவரச் சொன்னார்கள். சீட் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இதுவும் நிஜம். கிடைக்காவிட்டால், நம் தெருக்கோடியில் பங்கஜம் டீச்சர் நடத்துகிற பள்ளிக்கூடம் இருக்கிறது. வரிசை கிடையாது. ஜன்னல் ஆறு, நானே போய் எண்ணினேன், ஆறும் திறக்கிறது.

கடையில் விசாரிக்கிறவர்களிடம், "போகாதே போகாதே என்று மஸ்கட் முதலாளியே காலில் விழாத குறை, என் மாப்பிள்ளை கேட்கவில்லை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையையும் அதே மாதிரி சொல்லச் சொல். ஆளுக்கொன்று சொன்னால் சுலோச்சனா பிடித்துவிடுவாள்.

27-ஆம் தேதி விமான நிலையத்துக்கு நாலு கார் வரும். நாலும் வராவிட்டால் ஓர் ஆட்டோ வரும், அதில் நான் இருப்பேன்.

தூபாவுக்குப் பள்ளிக்கூடப் பை ஒன்று தைத்திருக்கிறேன். துணி லண்டன் பெட்டியில் எடுத்தது, வார் மஸ்கட் பெட்டியில் எடுத்தது. ஜிப் மட்டும் சிங்கப்பூர். மஸ்கட் ஜிப்பை நம்ப முடியாது. முன்பக்கம் சிவப்பு நூலில் 'தூபா' என்று தைத்து, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பேருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
ஷரஃபுதீன் மாமா