பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்

பட்டாசுப் புகை வாடை இன்னும் என் புடவையை விட்டுப் போகவில்லை, சார். மத்தியானம் சட்டசபையில் நம் மசோதா நிறைவேறியது. பகுதி நேர ஆசிரியர்களுக்கு இனிமேல் முழுச் சம்பளமாம். செய்தி வந்ததும் முடிச்சூர் சாலையில், நம் பள்ளிக்கூட வாசலிலேயே சரவெடி கொளுத்திவிட்டார்கள். சிரித்துக்கொண்டு நின்றவர்களையெல்லாம் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

எனக்குத் தையல், உங்களுக்கு விளையாட்டு. பகுதி நேரம் என்பது உத்தரவில் மட்டும்தான். காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரை நம்மை விடமாட்டார்கள். மே மாதம் வந்தால் சம்பளமே கிடையாது. "மே மாசம் நமக்கு வயிறு இருக்காதுன்னு நினைச்சுட்டாங்க டீச்சர்" என்பீர்கள். அந்த மாதம் முழுவதும் ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை பார்ப்பீர்கள். நம் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது பார்த்துவிட்டால், சொந்தக்காரருக்குப் பதிலாக நிற்கிறேன் என்று சமாளிப்பீர்கள்.

முழுச் சம்பளம் கேட்டு நாம் தாம்பரத்தில் ரயிலேறிப் போய் நகரத்துச் சாலையில் உட்கார்ந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். போலீஸ்காரர்கள் கலையச் சொன்னார்கள், நாம் கலையவில்லை. லத்தியோடு பாய்ந்தார்கள். என் முழங்கை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பக்கத்தில் இருந்த மாசமான டீச்சரை முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். அவள் வயிற்றுக்கு நேராக ஒருவன் லத்தியை ஓங்கினான்.

அப்போதுதான் நீங்கள் விசில் அடித்தீர்கள். மைதானத்தில் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் நிறுத்துகிற அந்த நீளமான விசில். ஓங்கிய லத்திகள் அப்படியே நின்றன. விசிலுக்கு நின்று பழகிய உடம்புகள்தானே அவர்களுடையதும். அவர்களுடைய அதிகாரிதான் அடித்தார் என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஒரு மூச்சில் நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினோம். ஏமாந்தது தெரிந்ததும் அத்தனை பேரும் உங்கள் மேல் விழுந்தார்கள். நீங்கள் கீழே விழுந்த பிறகும் அடித்தார்கள்.

சந்தின் மறுபக்கம் எங்களையும் பிடித்து, எல்லோரையும் ஒரே கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மணமேடையில் உங்களைப் படுக்க வைத்திருந்தோம். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு பத்திரமா?" என்று மட்டும் கேட்டீர்கள். பத்திரம் என்றேன். அப்புறம் நீங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. வேலைக்கு வரவில்லை என்று பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்தார்கள். படுக்கையிலேயே கிடந்து, போன மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று நிறைவேறிய சட்டம் இப்போது பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், சார். உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு பைசா கிடையாது. இதை நான் கேட்டபோது நம் சங்கத் தலைவர் லட்டுத் தட்டை நீட்டினார். "பேஜார் பண்ணாத டீச்சர், கிடைச்ச வரைக்கும் லாபம்" என்றார். அந்தத் தட்டை வாங்கி அவர் மூஞ்சியிலேயே அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

அங்கிருந்து நேரே திருநீர்மலையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். சட்டத்தில் இருப்பதை உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கேஸ் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடி வாங்கறப்போ அவரு பணியிலதானே இருந்தாரு டீச்சர்?"

இதை அவர்களிடமே போய்க் கேட்போம் என்றேன், வருகிறேன் என்றார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வீடு வந்தேன். நாளைக் காலையில் உங்கள் வீட்டம்மாவும் நானும் நீங்கள் அடி வாங்கிய அதே சாலையில் போய் உட்காரப்போகிறோம். யாரும் கூட வர மாட்டார்கள். அவர் மேல் லத்தியை ஓங்கினால், சார், நான் திருப்பி அடிப்பேன்.