அரைவாசி ராம்

புரட்டாதி 2006, செவ்வாய்

என் கணினி இரண்டு ராம் நினைவக அட்டைகளில் ஒன்றையே காட்டுகிறது. பழுது, மற்றதைச் செருகும் மதர்போர்ட் பள்ளத்தில். திருத்த வந்த ரவூப் மாலையில் உறுதிப்படுத்தினார். நேற்றுத் துறைமுக வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் கணினிப் பெட்டியைத் திறந்து இரண்டையும் கழற்றினார்கள். நான்தான் திரும்பப் பூட்டினேன், சரித்து அழுத்திவிட்டேன்.

"பேனை பிடிக்கிற கைக்கு இது ஏலாது, ஐயா" என்றார் ரவூப்.

கிளிவெட்டிச் சரசக்காவின் மகனைக் காணாமல் இன்று நான்காம் நாள். பத்திரிகையில் போட அவனுக்கு வேறு படமில்லை, ஒரு கல்யாண வீடியோ மட்டும். ராம் போதாமல் அது பாதியில் நின்றுவிடுகிறது.

"இன்னும் கொஞ்சம் ஓட விடுங்கோ, தம்பி. பொம்பிளைக்குப் பின்னால அவன் வருவான்" என்றார் சரசக்கா.

பழுதில்லாத பள்ளத்தில் போட, கிண்ணியாவில் பெரிய ராம் ஒன்று இருக்கிறதாம். படகு ஓடினால் நாளை பத்து மணிக்கு வரும். சரசக்கா எட்டுக்கே வந்துவிடுவார்.