பட்டியலில் இன்னும் இருக்கிற பெயர்

என் உயிரான நைனாவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன் கம்ப்யூட்டரை இந்த மாதம்தான் தொட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மீஞ்சூரில் நாள் முழுக்க ஊரார் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறவள்தான் நான். மீனவர் சங்கக் கட்டிடத்தில் உன் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் ஓடுகிற லினக்ஸ் சிஸ்டத்துக்கு நீ அப்டேட் போடுவாய், போட்டுவிட்டுக் காலண்டரில் ஒரு டிக் அடிப்பாய். உனக்குப் பிறகு ஒருவரும் போடவில்லை. ஆனாலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்கிற பாடு பட்டியலை வாராவாரம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது. அதில் உன் பெயரும் முறை தவறாமல் வந்தது.

ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? செத்தவர் பாடு மகனுக்கு. மகன் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். நீ பெற்றது என் ஒருத்தியை. ஆனால் நம் தலைவர் பெரியப்பா கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிக் கையை விரித்துவிட்டார். "அந்தப் பொட்டில பேரு எடுக்க ஏழுமலைக்குத்தான் தெரியும். எனக்கு இன்னா தெரியும்?" ஊரும் விட்டுவிட்டது. உன் முறை வரும் நாளில் அம்மாவின் தம்பி வலை போடுகிறார். விழுகிற இறாலில் பாதி அம்மாவுக்கு. அவள் அடுப்பு அதில்தான் எரிகிறது. நான் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். உன் பெண்டாட்டியின் வீம்பு உனக்குத் தெரியும்.

போன மாதம் புது பிரிண்டர் வாங்கினார்கள். பழைய சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்டேட் போட்டுப் பார்த்தேன். அது தேடிப்போன இணைய முகவரிகள் எல்லாம் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. கடைக்கு இப்படி ஒன்று வந்தால் யோசிக்கவே மாட்டேன், அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுவேன். அரை மணி நேர வேலை. பெரியப்பாவிடமும் அதையே சொன்னேன். "நைனா எழுதின புரோகிராம் புதுசுல ஓடாது. பட்டியல மட்டும் திரும்ப அடிச்சிக்கலாம்."

"வாணாம்மா. புதுசா அடிச்சா கூட்டம் போட்டு ஒவ்வொரு பேரா படிக்கணும். இருக்கறதயே ஏத்திக்கினு போ."

"நாலு வெர்ஷன் தாண்டணும் பெரிப்பா. நடுவுல நின்னுட்சினா?"

"நிக்காது. நீ அழிக்காத, அவ்ளோதான்."

எனக்கு எரிச்சல். விவரம் தெரியாத பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. கூட்டத்தில் உன் பெயரைப் படிக்கும்போது யாராவது ஒருவர் எழுந்து, செத்தவர் பெயர் இன்னும் எதற்கு என்று கேட்பாரே!

வேலையைத் தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். யார் பெயர், எந்தத் தேதியில் மாறியது என்று உன் புரோகிராம் குறித்து வைக்கிறது அல்லவா? அதைத் திறந்தேன். நீ போன பிறகு இறந்த இரண்டு பேரின் பெயர்கள் எடுக்கப்பட்டு, அவர்களுடைய மகன்களின் பெயர்கள் ஏறியிருந்தன. அந்த அறையின் சாவி பெரியப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

"பேரு எடுக்கத் தெரியாதுன்னீங்களே பெரிப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னாத்த தெரியும்? டீ சொல்லட்டா?" என்றார்.

இரண்டு ஞாயிறு ஆனது, நைனா. பழைய முகவரிகளை மாற்றி, ஒரு வெர்ஷன் ஏற்றி, அணைத்து எழுப்பி, பிறகு அடுத்தது. ஒவ்வொரு முறையும் திரை கறுத்துத் திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இது திரும்பி வந்தது. நீ ஏன் வரவில்லை?

புது பிரிண்டரில் முதல் தாள் வந்தது. உன் இடத்தில் நீ இருந்தாய். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதேன். பெரியப்பா டீயை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்காக அவர் இன்னும் எத்தனை நாள் தெரியாதவராகவே இருப்பார்? அடுத்த பாடு கூட்டத்தில் நான் எழுந்து நின்று, உன் பாடு உரிமையை அம்மா பெயருக்குக் கேட்கப்போகிறேன். பெண் பெயர் இதுவரை ஏறியதில்லை என்பார்கள். ஏறும்வரை விட மாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. ஆனால் அம்மா பெயரை அங்கே அடிக்க, முதலில் உன் பெயரை நான் என் கையால் அழிக்க வேண்டும். அந்த ஒரு நொடி மட்டும் என் பக்கத்தில் வந்து நில், நைனா.

உன் பாடு உரிமைக்கு வாரிசாகாத,
உன் ஒரே மகள்
வள்ளி